மண்ணில் வண்டி பழகுதல்: அம்பத்தூர், அன்றும் இன்றும்

பாடி மேம்பாலம் இறங்கி எம்.டி.எச். ரோட்டில் ஆவடி பக்கம் போகிறவர்களுக்கு இப்போது அடிக்கடி கண்ணில் படுவது ஓர் உயரமான மோட்டார் சைக்கிள். முன்சக்கரம் வழக்கத்தைவிடப் பெரிது. டயரில் கட்டை கட்டையாகப் பூ. இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம். ஓட்டுகிறவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வருகிற இளைஞராக இருப்பார், இல்லையென்றால் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்தவராக இருப்பார். தாரிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்த டூயல் ஸ்போர்ட் வகை வண்டி அது. ஆனால் அதை வாங்குகிறவர்களில் பலர், மண்ணில் எப்படி ஓட்டுவது என்று வாங்கிய பிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

நாற்பது வருடத்துக்கு முன் இதே ஊரில் நிலைமை வேறு. மண்ணுக்கென்று ஒரு வண்டி கடையில் கிடையாது. ஆனால் வண்டி வைத்திருந்த எவருக்கும் சேற்றிலும் சரளையிலும் ஓட்டத் தெரியும். அதை ஒரு வித்தை என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டுக்குப் போகிற வழி அப்படி, அவ்வளவுதான்.

தரை

அம்பத்தூர் சக்கரங்களால் வளர்ந்த ஊர். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கேதான் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்தது. டன்லப் இங்கே டயர் செய்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தன. அதே பத்தாண்டில் தொழிற்பேட்டையும் எழுந்தது. அந்தப் பக்கம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. கம்பெனிகள் ஒரு பக்கம் மூடினாலும் பெயர்கள் போகவில்லை. டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ் என்று சொன்னால் இன்றும் பஸ் கண்டக்டருக்குப் புரியும்.

இத்தனை சக்கரம் செய்த ஊரில் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் தார் கிடையாது. கள்ளிக்குப்பம், மேனாம்பேடு, அயப்பாக்கம் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் களிமண் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டால் குச்சியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். கோடையில் ஏரி வற்றினால் அதன் நடுவே ஒற்றையடிப் பாதை விழும். சுற்றிப் போகாமல் குறுக்கே போகிறவர்கள் அதில்தான் போவார்கள். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, ரோடு என்று செம்மண்ணைக் கொட்டி, வீடு எழும்பாமல் கிடந்த இடங்கள் வேறு. வண்டி பழக அதைவிட நல்ல மைதானம் வேண்டியதில்லை. இடிக்க மனைக்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமானது. தெருவுக்குத் தெரு கான்கிரீட் வந்தது. மனைகள் அடுக்குமாடிகளாயின. புறவழிச்சாலை ஊரை வெட்டிக்கொண்டு போயிற்று. அதற்கும் அப்பால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. ஏரிகளுக்கு வேலி, கரைக்கு நடைபாதை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏரிக்குள் வண்டி ஓட்டுவது இன்றைக்குச் சரியான காரியமும் அல்ல. தண்ணீரும் பறவையும் நிற்க வேண்டிய இடம் அது. இன்று ஊருக்குள் மிச்சமிருக்கும் மண் பாதை, பாதாளச் சாக்கடைக்கோ மெட்ரோவுக்கோ தோண்டிப் போட்ட ரோடுதான். அதில் பழகலாம் என்று யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள்.

வண்டி

அந்தக் காலத்து ஆள் வண்டி ஓட்டப் பழகியது வண்டியில் அல்ல, வாடகை சைக்கிளில். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்து, முழங்கால் தேய்ந்து, பிறகு சீட்டில் ஏறினான். மணலில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் ஹேண்டிலை இறுக்கக்கூடாது, மிதிப்பதை நிறுத்தக்கூடாது என்பது பத்து வயதிலேயே உடம்புக்குத் தெரிந்துவிடும். அடுத்த படி டி.வி.எஸ். 50. 1980-இல் ஓசூரில் செய்யத் தொடங்கிய அந்த மொபெட்டை, எங்காவது மாட்டிக்கொண்டால் இரண்டு பேர் தூக்கி நகர்த்திவிடலாம். அதற்கும் மேலே 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, சுமார் நூறு கிலோ எடை. புல்லட் கடைசிப் படி. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. உடம்பும் கூடவே பழகியது.

புல்லட்டைக் கிளப்புவதே ஒரு பாடம். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்ப் மீட்டரில் முள் ஆடும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு எடையும் போட்டு ஓர் உதை. முள்ளைப் பார்க்காமல் அவசரத்தில் உதைத்தவனை கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியதும் புத்தி வரும். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஆர்.எக்ஸ். ஓட்டிப் பழகியவன் புல்லட்டில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். 2000-களில்தான் கியர் படிப்படியாக இடப்பக்கம் வந்து இந்தக் குழப்பம் தீர்ந்தது. அந்த புல்லட்டும் நம் பக்கத்துச் சரக்கே. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, ராணுவத்துக்காகத் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய வண்டி அது.

வெளிநாடுகளில் இதற்குள் தனி வகையே பிறந்துவிட்டது. ரோட்டிலும் காட்டிலும் ஓடும் யமஹா டி.டி.-1 1968-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பாரிஸிலிருந்து டாக்கருக்குப் பாலைவனப் பந்தயம் 1978 டிசம்பரில் கிளம்பியது. அந்த வகை நமக்கு வந்து சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2011-இல் ஹீரோ 150 சி.சி.யில் இம்பல்ஸ் கொண்டு வந்தபோது, இதை வைத்து என்ன செய்வது என்று ஊருக்குப் புரியவில்லை. சில வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். 2016-இல் ராயல் என்ஃபீல்டு 411 சி.சி. ஹிமாலயனைக் கொண்டு வந்தது. அதற்குள் கம்பெனி திருவொற்றியூரைத் தாண்டி ஒரகடத்துக்கு வளர்ந்திருந்தது. நம் அம்பத்தூர் ஒரகடம் அல்ல, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடம். 2019-இல் ஒரு லட்சத்தை ஒட்டிய விலையில் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்ததும்தான் இந்த வகை நடுத்தர வீட்டு வாசலுக்கு வந்தது.

இந்த வண்டிகளின் அமைப்பில் காரணமில்லாமல் எதுவும் இல்லை. முன்சக்கரம் 21 அங்குலம், ஏனென்றால் வட்டம் பெரிதாக இருந்தால் கல்லிலும் பள்ளத்திலும் முட்டி நிற்காமல் ஏறிப் போகும். சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் வரை இறங்கி ஏறும். அடிப்பாகம் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால் பாறை எஞ்சினைத் தொடாது. இதற்கெல்லாம் கொடுக்கும் விலை உயரமும் எடையும். 2023 நவம்பரில் வந்த 452 சி.சி. ஹிமாலயனின் சீட் 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ. ஐந்தரை அடி உயரமுள்ள நம்மூர்க்காரர் உட்கார்ந்தால் இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதியாது. தாரில் அது ஒரு பொருட்டில்லை. சரளையில் நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், விரல் நுனியால் 196 கிலோவைத் தாங்க முடியாது. குரங்குப் பெடலிலிருந்து புல்லட் வரை ஐந்தாறு படி ஏறிய தலைமுறைக்குப் பிறகு, கியர் இல்லாத ஸ்கூட்டரிலிருந்து நேரே இதில் தாவுகிற தலைமுறை வந்திருக்கிறது. இன்றைய புதியவரின் சிக்கல் பயம் அல்ல. நடுவில் படிகளே இல்லாமல் போனதுதான்.

எட்டு

மாறாத ஒன்று உண்டு. லைசென்ஸ் வேண்டுமென்றால் அன்றும் எட்டு போட வேண்டும், இன்றும் எட்டு போட வேண்டும். எல்.எல்.ஆர். இப்போது ஆன்லைனில் விண்ணப்பித்துப் பெறலாம். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். ஆனால் தரையில் இறங்கியதும் பழைய கதைதான். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்க, கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும். கூட்டத்தில் யாராவது "காலை வச்சுடாத, காலை வச்சுடாத" என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாஸானதும் டி.என். 13 பதிவெண்ணோடு ரோட்டில் இறங்குகிறவர், இனி வாழ்நாளில் எட்டு போட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மண்ணில் ஓட்டப் பழகப் போனால் முதல் வேலையே எட்டுதான். வேகமாகப் போக எவனுக்கும் தெரியும். நடக்கிற வேகத்தில், ஹேண்டிலை முழுசாக ஒடித்து, கால் ஊன்றாமல் திருப்புவதுதான் அடிப்படை. வண்டி உள்பக்கம் சாயும்போது உடம்பை வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும். தாரில் வளைவு எடுக்கும்போது செய்வதற்கு நேர்மாறு இது. கிளட்ச்சை இரண்டு விரலால் பாதியில் பிடித்து, பின் பிரேக்கைத் துளி மிதித்து, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்துக்கொண்டால் வண்டி தள்ளாடாமல் நிற்கும். முன் பிரேக்கைத் தொட்டால் கீழே. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் சடங்காகச் செய்ததைக் காரணத்தோடு செய்கிற இடம் இது.

சொல்லிக் கொடுப்பவர்

அன்று வாத்தியார் என்று தனியாக யாரும் இல்லை. மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், இல்லாவிட்டால் மெக்கானிக் ஷெட்டில் இருக்கிற ஒருவர். பின்னால் உட்கார்ந்து தோளில் தட்டுவார். "கிளட்ச்ச பட்டுனு விடாதடா." "பள்ளம் வருது, எந்திரிச்சு நில்லு." ஏன் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. அவருக்கும் தெரியாது. சீட்டில் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு போகும் என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தலைமுறைக்கு வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளவும் ஓர் இடம் இருந்தது. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. கிளப் 1953-இல் தொடங்கியது. ரேஸ் நாளில் இந்தப் பக்கத்து மெக்கானிக் ஷெட்களில் ஆள் இருக்காது. 1990-இல் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்ததும் சோழவரம் அமைதியானது.

இன்று ஏன் என்பதற்குப் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் 2015-இல் டாக்கர் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர், 36-வது இடத்தில் முடித்தார். அவர் கோலார் பக்கத்தில் பிக் ராக் டர்ட் பார்க் என்று ஒரு மண் பள்ளி வைத்தார். அம்பத்தூரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர் டி.வி.எஸ். கூட்டணி அணியில் ஓடிய கேரளத்து ஹரித் நோவா 2024 டாக்கரில் ஒட்டுமொத்தமாக 11-வது இடம் பிடித்து, ரேலி 2 பிரிவில் முதலாவதாக வந்தார். இவர்களைப் பார்த்துத்தான் இன்றைய பிள்ளைகளுக்கு ஆசை பிறக்கிறது.

மண் பயிற்சியில் சொல்லித் தருவது அந்த அண்ணன் சொன்னதைத்தான். ஆனால் உடைத்துச் சொல்கிறார்கள். எழுந்து நின்றால் உடம்பின் எடை சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட்டுக்கு இறங்குகிறது. கீழே வண்டி தன் போக்கில் ஆடலாம், மேலே நீ ஆட வேண்டியதில்லை. முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொள், கை தளர்வாக இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்காதே, பார்த்தால் அதில்தான் போய் ஏறுவாய். போக வேண்டிய இடத்தைப் பார். மணல் வந்தால் எடையைப் பின்னால் தள்ளி, வேகத்தை விடாதே. இறக்கத்தில் முதல் கியர், எஞ்சினே பிடிக்கும். ஏ.பி.எஸ். இருக்கிற வண்டி என்றால் மண்ணில் பின்சக்கரத்துக்கு மட்டும் அதை அணைத்து வை. 2019-லிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். தாரில் உயிரைக் காப்பது அது. ஆனால் சரளை இறக்கத்தில் சக்கரத்தைப் பூட்டவே விடாததால் வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போகும். அதனால்தான் ஹிமாலயன் 2020-இல் பின் ஏ.பி.எஸ்.ஸை அணைக்கும் ஸ்விட்சோடு வந்தது.

விழுவது

மண்ணில் விழாமல் பழகியவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அன்று அரைக்கைச் சட்டை, செருப்பு. ஹெல்மெட் என்று ஒன்று உண்டு, அது வீட்டுப் பரணில் இருக்கும். சிராய்ப்புக்கு டிங்சர், எலும்பு விலகினால் புத்தூர் கட்டு. ஆந்திர எல்லையில் இருக்கிற அந்த ஊருக்கு இங்கிருந்து ரயிலிலேயே போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். கை கோணலாகக் கூடியவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் காலத்து வீரத்தைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஹெல்மெட் கட்டாயம் என்று போலீஸ் கெடுபிடி செய்தபோது முணுமுணுத்த ஊர் இது. இன்றைய புதியவர் ஹெல்மெட்டோடு முழங்கால் கவசம், முழங்கை கவசம், கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் மண்ணில் இறங்குகிறார். வண்டி விலையில் ஒரு பங்கு இதற்கே போகிறது. வீண் செலவு அல்ல. விழுந்தாலும் எழுந்து மறுபடி ஓட்டலாம் என்ற நம்பிக்கைதான் பழகுவதற்கு முதல் தேவை. பெண்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கியதற்கும் இது ஒரு காரணம். அப்பா ஓட்டும் புல்லட்டில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த வீட்டிலிருந்து, மகள் எக்ஸ்பல்ஸில் எழுந்து நின்று ஓட்டுவது இன்று அதிசயமில்லை.

விழுந்த வண்டியைத் தூக்குவதும் இன்று ஒரு பாடம். முன்னே குனிந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தவாக்கில் காலால் தள்ளிப் பின்னால் நடக்க வேண்டும். மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கி வைக்கலாம். ஆர்.எக்ஸ். 100-ஐத் தனியாளாகத் தூக்கிய மாமாவுக்கு இந்தப் பாடமே தேவைப்படவில்லை.

போகும் இடம்

அன்று வண்டி எடுத்தால் திருத்தணி, பெரியபாளையம், மிஞ்சிப் போனால் திருப்பதி. ஒரு வேண்டுதல், ஒரு கல்யாணம், ஒரு துக்கம். இன்று சனிக்கிழமை விடியலில் கிளம்புகிற கூட்டத்துக்கு வேண்டுதல் எதுவும் இல்லை, பாதைதான் வேண்டும். பூண்டி நீர்த்தேக்கம், நாகலாபுரம் பக்கம், ஜவ்வாது மலை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளுள்ள கொல்லிமலை. மனசில் லடாக்.

ஆனால் மண் பாதை கண்ணில் பட்டதும் இறங்கிவிட முடியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, காட்டுக்குள் நுழைவதற்கான விதிகள் இறுகின. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டி விடுவது குற்றம். மீதி மண் பெரும்பாலும் யாரோ ஒருவரின் வயல், இல்லாவிட்டால் ஏரிக்கரை. அதனால் கட்டணம் கட்டி, தேதி வாங்கி, தடத்துக்குப் போகிறார்கள். மாதத்தில் ஒருநாள் கிடைத்தால் அதிகம்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய இடைவெளி இதுதான். வண்டி நல்லதாகிவிட்டது, கவசம் வந்துவிட்டது, பாடம் தெளிவாகிவிட்டது. போனது அன்றாடம். அந்த மாமா கெட்டிக்காரர் என்பதால் சேற்றில் ஓட்டவில்லை. தினம் இரண்டு வேளை அதில் போய் வந்ததால் ஓட்டினார். ஒருநாள் பயிற்சியில் புரிந்துகொண்டதை உடம்பு ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

அதனால் ஹிமாலயனுக்குக் காசு சேர்க்கிற தம்பிக்கும் தங்கைக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஊர் எடுத்துவிட்ட நடுப்படியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நல்ல நிலையிலுள்ள 100 சி.சி. பழைய வண்டி ஒன்று போதும். எக்ஸ்பல்ஸ் என்றாலும் எடை 160 கிலோவை ஒட்டித்தான் வரும், சமாளிக்கலாம். தெரிந்தவர் மனையில் அனுமதி கேட்டு, தண்ணீர் பாட்டில் இரண்டை நட்டு வைத்து, வாரம் அரை மணி நேரம் எட்டு போடுங்கள். எழுந்து நின்று போடுங்கள், உட்கார்ந்து போடுங்கள், வலப்பக்கம் எளிதாக வந்தால் இடப்பக்கம் அதிகம் போடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். எட்டில் கால் ஊன்றுவது நின்றபிறகு பெரிய வண்டியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ஷோரூமில் முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டியதில்லை. மாடல் மாறினாலும் எடை குறையப் போவதில்லை.